கனேரி குருவி முதல் வீட்டு அலாரம் வரை... விஷவாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்த ஜே.எஸ்.ஹால்டேன் யார்?

வெளிநாட்டு வீடுகளில் கூரையிலும் சுவரிலும் சின்னதாக வெள்ளைப் பெட்டிகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று புகை அலாரம். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு அலாரம். புகை கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் எட்டும். கார்பன் மோனாக்சைடு அப்படி இல்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமலும் வராது.

அப்போ, இந்த வாயு எவ்வளவு இருந்தால், எவ்வளவு நேரத்தில் ஒரு ஆளைச் சாய்க்கும் என்று யார் அளந்தது? மனிதனுக்குத் தெரியும் முன்பே எச்சரிக்கை கொடுக்க ஒன்று வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? இந்தக் கேள்விகளைத் தேடிப் போனால் ஒரு பெயர் வந்து நிற்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன். பாதுகாப்பான ஆய்வகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் இல்லை. அந்த விஷவாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தவர். அவருடைய கதையை விரிவாகப் பார்க்கலாம்.

தூங்குகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்த டாக்டர்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1860-ஆம் ஆண்டு மே 2-ம் தேதி பிறந்தவர் ஹால்டேன். வசதியான குடும்பம். அண்ணன் ரிச்சர்ட் பின்னாளில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்தவர். ஹால்டேன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1884-ல் பட்டம் பெற்றார். ஆனால் கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்க்கப் போகவில்லை. அவர் தேர்ந்தெடுத்தது காற்றை. மனிதன் சுவாசிக்கிற காற்றில் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை.

முதல் பெரிய ஆய்வு டண்டீ நகரத்தில். ஒரே அறையில் குடும்பமே படுத்துத் தூங்கும் ஏழைத் தொழிலாளர் வீடுகள் அங்கே ஏராளம். ஹால்டேனும் கூட்டாளிகளும் நள்ளிரவுக்குப் பிறகு அந்த வீடுகளுக்குப் போனார்கள். பகலில் கதவு திறந்திருக்கும்போது எடுத்த காற்றால் பயனில்லை, எல்லோரும் தூங்கும்போது அறையில் தேங்கி நிற்கும் காற்றுதான் உண்மையைச் சொல்லும் என்பது அவர்கள் கணக்கு. பாட்டில்களில் காற்றைப் பிடித்து வந்து சோதித்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறைகளையும் விடவில்லை. முடிவுகள் 1887-ல் வெளியாயின.

இன்றைக்கும் புகை அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். விழித்திருப்பவருக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. தூங்குகிறவருக்கு அதுவும் இல்லை.

பிறகு ஹால்டேன் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். அங்கே உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர் அவருடைய தாய்மாமன் ஜான் பர்டன் சாண்டர்சன். ஆக்ஸ்போர்டில் ஹால்டேன் கவனம் நிலக்கரிச் சுரங்கங்கள் பக்கம் திரும்பியது.

கார்பன் மோனாக்சைடு உடம்பில் என்ன செய்கிறது?

கரி, விறகு, எரிவாயு, டீசல் என எதுவாக இருந்தாலும், போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஆனால் இந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிடக் கார்பன் மோனாக்சைடை 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். பஸ்ஸில் ஒருத்தர் சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அடுத்தவருக்கு இடம் கிடைக்காது இல்லையா, அதுபோலத்தான். மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது.

இந்த வாயு ரத்தத்தைப் பாதிக்கிறது என்பது 1850-களிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் ஆய்வுகளால் தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தது அளவு. எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்தக் கட்டத்தில் ஒருவரால் தப்பிக்க முடியாமல் போகும்? அதை அறிய ஒரு உடம்பு தேவைப்பட்டது. ஹால்டேன் தன் உடம்பையே கொடுத்தார்.

தன் மேலேயே சோதனை

1895-ல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைக் குறிப்பிட்ட அளவில் சுவாசிப்பார். அவ்வப்போது ஒரு துளி ரத்தம் எடுத்து, அதன் நிறத்தை வைத்து ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு விஷவாயுவிடம் போய்விட்டது என்று கணக்கிடுவார். உடம்பில் தெரிகிற மாற்றங்களைக் குறித்துக்கொண்டே வருவார். அதே காற்றில் ஒரு சுண்டெலியும் இருக்கும்.

சோதனைகளைப் படிப்படியாக உயர்த்தி, தன் ரத்தத்தில் ஏறக்குறைய பாதி ஹீமோகுளோபின் பறிபோகும் நிலை வரைக்கும் போனார். பார்வை மங்கியது. கால் தள்ளாடியது. அதில் அவர் கண்டது முக்கியமானது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. எழுந்து நடக்கவோ படி ஏறவோ முயன்றால்தான் கால் ஒத்துழைக்கவில்லை என்பதே புரிகிறது. அதாவது, ஆபத்து என்று உணரும் நேரத்தில் ஓடுவதற்கான பலம் ஏற்கனவே போயிருக்கும்.

இன்னொரு விஷயம், இந்த வாயு முதலில் கை வைப்பது மூளையில். தலை பாரமாக இருக்கும், யோசனை மந்தமாகும். ஆனால் பாதிக்கப்பட்டவருக்குத் தான் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இதற்கு ஹால்டேன் வீட்டிலேயே ஒரு கதை சொல்வார்கள். ஒருமுறை சுரங்கத்தில் விஷவாயுவில் சிக்கி மேலே வந்தவர், தான் நலமாக இருப்பதாக மனைவிக்குத் தந்தி அடித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தந்தி, அதே செய்தி. அப்புறம் மறுபடியும். ஏற்கனவே அனுப்பிவிட்டோம் என்பதே அவருக்கு நினைவில்லை. கார்பன் மோனாக்சைடைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த மனிதருக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் கதி?

அதே ஆண்டு நடத்திய மற்றொரு சோதனை இன்னொரு கதவைத் திறந்தது. அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால், கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் சுண்டெலி பிழைத்தது. இன்றைக்கு இந்த விஷத்துக்கு ஆளானவர்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதன் அடிப்படை இதுதான். சாதாரணக் காற்றில் இருந்தால் ரத்தத்தில் உள்ள விஷவாயு பாதியாகக் குறையவே சுமார் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறையும்.

டைலர்ஸ்டவுனில் நடந்தது என்ன?

1896-ஆம் ஆண்டு ஜனவரி 27-ம் தேதி. வேல்ஸின் ரோந்தா பள்ளத்தாக்கில் உள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. 57 பேர் உயிரிழந்தார்கள். சுரங்க வெடிவிபத்து என்றால் வெடித்த வேகத்திலும் தீயிலும்தான் எல்லோரும் இறக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் பரவலான நம்பிக்கை இருந்தது.

ஹால்டேன் நேரில் போனார். இறந்தவர்களின் உடல்களைப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார். பல உடல்களில் தோல் வெளிறிப் போகவில்லை. இளஞ்சிவப்பாக இருந்தது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தின் அடையாளம் அது. தன் ரத்தத்திலேயே அந்த நிறத்தைப் பார்த்தவருக்கு அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை.

வெடிப்பில் இறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் வெடிப்பில் பிழைத்து, அதற்குப் பிறகு சுரங்கத்தில் பரவிய விஷக்காற்றில் இறந்தவர்கள். அதே ஆண்டு உள்துறை அமைச்சருக்கு அவர் கொடுத்த அறிக்கை சுரங்கப் பாதுகாப்பின் போக்கையே மாற்றியது.

இந்த முடிவின் அர்த்தம் ரொம்பப் பெரியது. வெடிப்பில் பிழைத்தவர்களைக் காப்பாற்ற நேரம் இருந்திருக்கிறது. காற்று கெட்டிருக்கிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் சிலராவது வேறு வழியில் போயிருக்கலாம். காப்பாற்றப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். உள்ளே நுழைந்த மீட்புக் குழுவினரே மயங்கி விழுந்து இறந்த சம்பவங்கள் சுரங்கங்களில் உண்டு.

எலியா, கனேரியா?

ஹால்டேன் சொன்ன தீர்வு எளிமையானது. சின்ன உயிரினம் ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். சின்ன உடம்புக்கு இதயத் துடிப்பும் மூச்சும் வேகம். அதனால் விஷவாயு அதன் ரத்தத்தில் சீக்கிரம் ஏறிவிடும். மனிதனுக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில் அது தள்ளாட ஆரம்பிக்கும். அந்த இடைவெளிதான் மனிதன் தப்பிக்கக் கிடைக்கும் நேரம்.

சுண்டெலி, கனேரி குருவி இரண்டுமே பயன்பட்டன. கடைசியில் ஜெயித்தது கனேரி. எலி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால் தூங்குகிறதா, மயங்கிவிட்டதா என்று இருட்டில் சொல்ல முடியாது. குருவி கம்பியிலிருந்து தலைகீழாக விழுந்தால் சந்தேகமே வேண்டாம். 1911-லிருந்து பிரிட்டன் சுரங்கங்களில் கனேரிகள் முறைப்படி பயன்பாட்டுக்கு வந்தன.

குருவியைச் சாகவிட வேண்டும் என்பது நோக்கமில்லை. சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் பொருத்திய கூண்டும் உருவாக்கப்பட்டது. குருவி மயங்கியதும் கதவை மூடி, ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் மறுபடி எழுந்துகொள்ளும். அப்படி ஒரு கூண்டு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கிறது.

மகனையும் விட்டுவைக்கவில்லை

ஆக்ஸ்போர்டில் ஹால்டேன் வீட்டிலேயே ஆய்வகம் இருந்தது. மனைவி லூயிசா, மகன் ஜாக், மகள் நவோமி. மகனுக்குச் சின்ன வயசிலேயே அப்பாவோடு சுரங்கத்துக்குள் போகும் பழக்கம். ஒருமுறை மீத்தேன் தேங்கிய இடத்தில் மகனை நிற்கவைத்து, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் உரையை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னார். பாதியிலேயே மூச்சு வாங்கி, கால் தளர்ந்து பையன் விழுந்தான். தரையில் விழுந்ததும் மூச்சு சரியானது. மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரைப் பக்கம்தான் தேங்கும் என்ற பாடத்தை அந்தப் பையன் ஆயுளுக்கும் மறக்கவில்லை.

இன்றைய கண்ணோட்டத்தில் இது சரியா என்று கேட்டால், சரி என்று சொல்வது கஷ்டம். அந்த மகன்தான் உலகப் புகழ்பெற்ற மரபியல் விஞ்ஞானி ஜே.பி.எஸ்.ஹால்டேன். 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர். மகள் நவோமி மிட்சிசன் புகழ்பெற்ற எழுத்தாளர்.

கடலுக்கடியிலும் போர்க்களத்திலும்

அப்பா ஹால்டேன் சுரங்கத்தோடு நிற்கவில்லை. ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவுதான் மூச்சின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதை 1905-ல் ப்ரீஸ்ட்லியுடன் சேர்ந்து காட்டினார். ஆழ்கடலில் மூழ்கி மேலே வருகிறவர்கள் படிப்படியாக எப்படி ஏற வேண்டும் என்பதற்கான அட்டவணையை 1908-ல் வெளியிட்டார். அதற்கான சோதனைகள் ஆடுகள் மேல் நடந்தன.

முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22-ம் தேதி ஈப்ர் பகுதியில் ஜெர்மன் படை விஷவாயுவைத் திறந்துவிட்டது. சில நாட்களிலேயே ஹால்டேன் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். அது குளோரின் என்று உறுதிசெய்தார். முகமூடிகளைச் சோதிக்க, மறுபடியும் விஷவாயு அறைக்குள் போனது அவர்தான். போர்முனையில் இருந்த மகனும் சேர்ந்துகொண்டார்.

1934-ல் ராயல் சொசைட்டியின் உயரிய காப்லி பதக்கம் கிடைத்தது. 70 வயதைத் தாண்டியும் ஓய்வில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் தொழிலாளர்கள் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாவதை ஆராய ஈரானுக்கும் இராக்குக்கும் போனார். திரும்பி வந்ததும் நிமோனியா. 1936 மார்ச்சில் ஆக்ஸ்போர்டில் காலமானார். வயது 75.

குருவி போய் கருவி வந்தது

கனேரிகளின் பணி ஹால்டேன் மறைந்து 50 ஆண்டுகள் வரை தொடர்ந்தது. 1986 டிசம்பரில்தான், சுரங்கங்களில் இருந்த 200-க்கும் மேற்பட்ட கனேரிகளுக்கு ஓய்வு கொடுத்து மின்னணுக் கருவிகளைக் கொண்டுவரப் போவதாக பிரிட்டன் அறிவித்தது.

இன்றைய வீட்டு அலாரத்துக்குள் இருப்பது பெரும்பாலும் மின்வேதியியல் சென்சார். கார்பன் மோனாக்சைடு அதன் மின்முனையில் பட்டதும் வேதிவினை நடந்து, சின்ன மின்சாரம் உண்டாகும். வாயு அதிகமானால் மின்சாரமும் அதிகமாகும். அதை வைத்து அளவு கணக்கிடப்படுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்த அலாரம் வாயு வந்தவுடனே எல்லா நேரமும் கத்தாது. அமெரிக்கத் தரவிதிப்படி, 10 லட்சத்தில் 70 பங்கு வாயு இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள் ஒலிக்க வேண்டும். 150 பங்கு என்றால் 10 முதல் 50 நிமிடம். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடம். ஏன் இப்படி? காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் முக்கியமில்லை, அது ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதுதான் கணக்கு. அளவும் நேரமும் சேர்ந்த அதே கணக்கைத்தான் 1895-ல் ஹால்டேன் தன் ரத்தத் துளிகளில் போட்டுப் பார்த்தார்.

அலாரம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை என்னென்ன?

* புகை அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டும் சேர்ந்த மாடல் என்றால் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கும்.

* சமையல் கேஸ் கசிவுக்கான அலாரம் மூன்றாவது வகை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் அந்த அலாரத்தைத் தாழ்வாக வைப்பார்கள். கேஸ் அலாரம் இருக்கிறதே என்று கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியாது.

* புகை அலாரத்தில் இரண்டு வகை. ஒளிக்கதிர் வகை, கனன்று புகையும் தீயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவில் பயன்படுத்தும் அயனியாக்க வகை, குபீரென்று பற்றும் தீயில் வேகமாகச் செயல்படும்.

* புகை மேலே போகும், அதனால் புகை அலாரம் கூரையில் இருப்பது நல்லது. கார்பன் மோனாக்சைடு அறைக் காற்றோடு கலந்துவிடும். கூரையா சுவரா என்பதைவிட, தூங்குகிறவர் காதில் விழும் இடமா என்பதே முக்கியம்.

* ஒலியைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க முறையில் மூன்று பீப் விட்டு இடைவெளி என்றால் தீ, நான்கு பீப் விட்டு இடைவெளி என்றால் கார்பன் மோனாக்சைடு. நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றையாகக் கீச்சிட்டால் பொதுவாக பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

* சென்சாருக்கும் ஆயுள் உண்டு. புகை அலாரத்துக்கு 10 ஆண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. பின்பக்கத்தில் தேதி இருக்கும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

* அறைக்கு அறை இணைக்கப்பட்ட அலாரம் என்றால் ஒன்று ஒலித்தால் எல்லாமே ஒலிக்கும். பெரிய வீட்டுக்கு இது பயன்படும்.

அலாரம் அடித்தால் என்ன செய்வது?

உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகுதான் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மறுபடி உள்ளே போகக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்து, வெளியே போனதும் சரியானால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

குளிருக்காக மூடிய அறையில் அடுப்புக்கரியை எரிப்பது, காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரை ஓடவிடுவது, வீட்டுக்குள் ஜெனரேட்டரை இயக்குவது எல்லாம் நம்ம ஊரிலும் நடக்கிறது. அலாரம் வைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டியவை இவை. அலாரம் காற்றைச் சுத்தம் செய்யாது, கிளம்பு என்று மட்டும்தான் சொல்லும்.

தான் நலம் என்று திரும்பத் திரும்பத் தந்தி அடித்த ஹால்டேனின் அனுபவம் காட்டுவது இதைத்தான். இந்த வாயு விஷயத்தில் நம் உணர்வை நாமே நம்ப முடியாது. சுரங்கத் தொழிலாளி குருவியைப் பார்த்துத் திரும்பினார். வீட்டில் இருப்பவர் அந்தச் சின்னப் பெட்டியின் சத்தத்தை நம்பி வெளியே வர வேண்டும்.